பளிங்கு

"பளிங்கு மாதிரி இருக்கு மேடம் தண்ணி"
என்று போனில் சொன்னார் சவரிமுத்து.
அவர் குரலில் இருந்த சந்தோஷம்தான்
என்னை டார்ச்சோடு படியிறக்கியது.

ஐப்பசி. அணைக்கரையில் மதகெல்லாம் திறந்து
கொள்ளிடம் டீயின் நிறத்தில் போகிறது,
வாழைத்தாரும் செருப்பும் மிதக்க.
முதல் தொட்டியில் வண்டல் உட்கார்ந்தாலும்
இரண்டாம் தொட்டிக்கு
ஒரு மங்கல் வந்தே தீரும்.
இரவு இரண்டே முக்காலுக்கு அது
பளிங்காக இருக்க ஒரு நியாயமும் இல்லை.

படிகாரம் போட்டால்
அலுமினியம் மூன்று ஹைட்ராக்சைடைக் கைப்பிடித்து
எந்தப் பக்கமும் சாயாமல்
வெள்ளைப் பஞ்சாய்த் திரளும்.
வழியில் அகப்பட்ட களிமண்ணை அணைத்துக்கொண்டு
மெள்ள மெள்ள அடியில் போய் அமரும்.
அதன் பாரத்தில்தான் பதினேழு வார்டு குடிக்கிறது.

இன்று பஞ்சு இல்லை.
வெளிச்சம் தடையில்லாமல் தரைவரை போய்
எப்போதோ யாரோ தவறவிட்ட
ஒரு ஸ்பானரைக் காட்டுகிறது.

பி.ஹெச். தாள் ஊதாவாகிறது.
கரண்ட் போய் வந்த சமயம்
காஸ்டிக் சோடா பம்ப்
முழு வேகத்தில் விழித்திருக்கிறது.
ஒரு மணி நேரம். கேட்பாரில்லாமல்.

கொஞ்சம் காரம் வீழ்படிவைத் தரும்,
மிஞ்சிய காரம் அதையே கரைக்கும்.
மூன்று கைகளோடு நான்காவதும் சேர,
கூடவே ஓர் எதிர்மின்சுமை ஏற,
சும்மா இருந்த வெள்ளை
அலுமினேட் என்று பேர் மாற்றிக்கொண்டு
தண்ணீரோடு தண்ணீராகிவிடும்.
மணல் வடிகட்டி அதை மறிக்காது.
மறிக்க அங்கே மணியே இல்லை.

வாளியின் அடியில் மட்டும்
பழுப்பாய்ச் சில துணுக்கு, பழைய குழாயின் துரு.
இந்தக் காரத்துக்கெல்லாம் இரும்பு அசையாது.
நான் இரும்பைப் புகழவில்லை.
அதற்கும் இதற்கும் இணங்குவது என்பது
பாடத்தில் ஈரியல்பு,
எங்கள் தெருவில் வசவு.
எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே ஓடும்
கால் வைக்கிற அகல வரப்பு.

"கரைஞ்சிடுச்சுன்னா போச்சுல்ல?" என்றார் சவரிமுத்து.
பீக்கரில் அள்ளி
அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
ஏழு சொட்டுவரை ஒன்றுமில்லை.
எட்டில் ஒரு புகை.
ஒன்பதில் பீக்கர் முழுக்க வெண்மேகம்.
வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்
"இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?" என்றார்.
இதிலேதான்.

கை நடுங்கி இன்னும் நாலு சொட்டு விழுந்தது.
மேகம் மறுபடி காணாமல் போனது,
இம்முறை வேறு வாசல் வழியாக.
அதை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

நசுருதீன் சார் தூக்கத்தில் பேசினார்:
"தெளிவாத்தானேம்மா இருக்கு, விட்ரு.
காலைல தண்ணி வரலைன்னா
எனக்குத்தான் போன் வரும்."
சரி சார் என்றேன்.
பிரதான வால்வின் சக்கரத்தை
நானும் சவரிமுத்துவும் தொங்கித் தொங்கி மூடினோம்.
நாற்பத்தோரு சுற்று.

குறிப்பேட்டில் எழுதினேன்:
நிறம் இல்லை. வாடை இல்லை. தெளிவு மிக நன்று.
விநியோகம் நிறுத்தம்.
கையெழுத்து, தையல்நாயகி, வேதியியலர்.

ஐந்தே முக்காலுக்கு முதல் போன்.
ஒரு பெண்குரல், பின்னால் காலிக் குடத்தின் ஓசை:
"தண்ணி ஏன் வரல?"

சொல்ல வாயெடுத்தேன்.
நல்லா இருக்கறதாலதான்மா, என்றா சொல்வது?
"ரிப்பேர்" என்றேன். அவள் திட்டியதைக் கேட்டுக்கொண்டேன்.

ஏழரைக்கு இரண்டாம் தொட்டி
ஓரத்திலிருந்து கலங்க ஆரம்பித்தது.